திரும்பிப் போன மெயில்

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காமராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, மெயிலில் விண்ணப்பிக்கச் சொல்லி ஆள் கேட்டிருந்தோம். காலையில் ஆபீஸில் பெரிய கிளாக்கர் சலித்துக்கொண்டார். "நம்ம தோட்டத்துல ஒருத்தருமே மெயில் போடல தம்பி. வெளியூர்ல இருந்து, கஹவத்தையில இருந்து நேர்ல வந்த புள்ளைய எடுத்தாச்சு."

பத்து நாளாக ஒரு மெயிலும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தோட்டத்து இணையதளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றியது நான். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மட்டும் மாற்ற மறந்திருக்கிறேன். அது எங்கள் கணக்கை மூடிவிட்ட பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. திருத்தினேன். மதியத்துக்குள் சோதனை மெயில் வந்து சேர்ந்தது.

மாலை பஸ்ஸில் கொழுந்தெடுக்கும் புஷ்பம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகுவலிக்காரர், அந்த வேலைக்கு ஆசைப்பட்டவர். ஏன் மெயில் போடவில்லை என்று கேட்டேன்.

"போட்டேனே, மக போன்ல. ஒரு நிமிசத்துல இல்லைன்னுட்டாங்க."

காட்டினார். மெயில் சேரவில்லை என்று தானாக வரும் ஆங்கில அறிவிப்பு.

"வேலை குடுக்கிறதுன்னா காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப வாயால சொல்லுவாங்க. இல்லைன்னாதானே இங்கிலீசுல எழுதுவாங்க?"

அது ஆபீஸ் பதில் இல்லை, மெயில் வந்து சேரவேயில்லை என்றேன். யாரால் என்று சொல்லவில்லை. ஆள் எடுத்தாகிவிட்டது என்றும் சொல்லவில்லை.

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அப்ப இல்லைன்னு சொல்லலயா? இப்ப மறுபடி போட்டா போகுங்களா தம்பி?"

போகும் என்றேன். அது உண்மைதான்.