ஒரு பக்கம் மட்டும்

மார்ச் 4
இன்றும் அரிப்பு. இரண்டு மார்புக் காம்பிலும். மூன்று வாரமாகிறது. கடையில் பில் போடும் மேசையில் உட்கார்ந்துகொண்டு எங்கே கையை வைப்பது? பொருளை எட்டி எடுக்கிற சாக்கில் மேசை விளிம்பில் உரசிக்கொள்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ.

மார்ச் 6
அண்ணி வாங்கிய புது சோப்புத்தூள்தான் காரணம் என்று நானே முடிவுகட்டி, சொல்லியும் விட்டேன். அண்ணி முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கே மாத்திடறேன்மா." என் குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிருக்க வேண்டும்.

மார்ச் 9
சொறிந்து சொறிந்து தோல் உரிந்துவிட்டது. புற்றாக இருக்குமோ? யாரிடம் கேட்பது?

மார்ச் 11
கிளினிக் போனேன். பெண் டாக்டர், நல்லவேளை. "புது சோப்பு, வேர்வை, இறுக்கமான நைலான். உங்க வயசுல முக்காவாசி இதுதான். சின்ன வயசுல கரப்பான் படை வந்திருக்கா?" வந்திருக்கிறது, முழங்கை மடிப்பில். "கர்ப்பமா இருந்தாலும் அரிக்கும்." அதற்கு வழியே இல்லை என்றேன், சிரித்தார். களிம்பு, பருத்தி உள்ளாடை. "ஒரு பக்கம் மட்டும் அரிச்சு, புண்ணாகி, களிம்புக்கும் ஆறலைன்னா அது வேற. அப்ப நாள் கடத்தக் கூடாது. உங்களுக்கு அப்படி இல்ல."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அப்படியே ஒப்பித்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல், "ஒரு பக்கம்னா என்னவாம்?" என்று கேட்டார்.

"அது ஏதோ பெரிய வியாதி அண்ணி, நமக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

மார்ச் 19
அரிப்பு நின்றுவிட்டது.

ஏப்ரல் 2
துணி உலர்த்தும்போது அண்ணியின் உள்ளாடை கையில் வந்தது. இடது பக்கம் மட்டும் பழுப்புக் கறை, துவைத்தும் போகவில்லை. உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைத்திருந்தார். கொடியடியிலேயே நின்றுவிட்டேன்.

"எத்தனை நாளா அண்ணி?"

"போன வருஷம் மழைக்கு முன்னாடியிலேர்ந்து."

"அண்ணன்கிட்ட?"

"அவர்கிட்ட இதை எப்படிடி சொல்றது? சொறிதானேன்னு இருந்துட்டேன்."

அன்னைக்குக் கேட்டாங்களே. முதுகைக் காட்டிக்கிட்டு என்கிட்ட கேட்டாங்களே. நான் பாட்டுக்குக் குளிச்சு, சாப்பிட்டு, நல்லாத் தூங்கினேன்.

ஏப்ரல் 3
லீவு போட்டேன். அதே டாக்டர். அண்ணியின் அக்குளில் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. தோலில் துணுக்கு எடுத்துப் பார்க்க, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

ஏப்ரல் 14
முடிவு வந்தது. புற்றுதான்.

மே 8
இடது மார்பை எடுத்துவிட்டார்கள். "பக்கத்துலயே இருந்தேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று அண்ணன் என்னிடம் கேட்கிறார்.

மே 20
கட்டு மாற்றும்போது அண்ணி சொன்னார்: "நீ அன்னைக்குத் துருவித் துருவிக் கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். மனசைப் போட்டு உழப்பிக்காதே."

உண்மையா, எனக்காகச் சொன்னதா — தெரியவில்லை.

ஜனவரி 27
மூச்சு வாங்குகிறது என்று அண்ணியை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள். இன்று டாக்டர் அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க" என்றார்.

அண்ணிக்கு ஒரே சந்தோஷம். "அப்பாடா. இனிமே ஊசியெல்லாம் இல்லையாமே?"

"இல்ல அண்ணி."

தம்ளர், போர்வை, செருப்பு, எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தேன். வண்டி வருவதற்குள், அண்ணிக்கு மருந்தில் கொட்டியது போக இருக்கிற கொஞ்சம் முடியை நிதானமாகச் சீவிவிட்டேன்.