ஏழாம் ரீல்

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை ரசிகர் கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. புதுப் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவர்கள் சத்தமாக வாசித்துக் கைதட்டிய பதிவை எழுதியது என் அக்கா என்பதையும் சொல்லவில்லை. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது. உன்னைவிட்டால் எனக்கு வேறு யார்?

நான் நலம். உன் நலத்தை ரசிகர் குழுவில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். ‘ஏழாம் ரீல்’ என்ற பெயரில் அங்கே எழுதுவது நீதான் என்று எனக்குத் தெரியும். நம் பழைய படத்தை டி.வி.யிலிருந்து பதிவு செய்த டேப், கதையில் வரும் அண்ணன்காரன் படகிலிருந்து கையைத் தூக்கும் இடத்தில் தீர்ந்துபோகும், மீதியை அப்பா எழுந்து நின்று கையசைத்துக் காட்டுவார் என்று ஒருமுறை எழுதியிருந்தாய். அப்பா போனபிறகு அதைத் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். நான் அதை எழுதவில்லை. நீ வீடு மாறியதும், உனக்குத் தொண்டை கட்டியதும், மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான் தெரிந்தது. தொண்டைக்கு வெந்நீர் குடி. ஐஸ்கிரீமை விடு என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

கூட்டம் மருந்துக்கடைக்கு மேலே, காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கிய அறையில் நடந்தது. கடைக்காரர்தான் தலைவர். நம் படத்தை மறுபடி எடுக்கிறவன் அதை ஒருதரமாவது பார்த்திருப்பானா என்று ஆரம்பித்தார். ஒரு பள்ளி ஆசிரியை, நல்லா இருக்கிறதைக் கெடுக்கிறதுக்கு இவ்வளவு செலவா என்று கேட்டார். பிறகு எல்லோரும் ரீல் விஷயத்துக்கு வந்தார்கள். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத படம் அது; டி.வி.யில் போட்டபோது டி.வி.காரர்கள் ஆறாவது ரீலையும் ஏழாவது ரீலையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். நாம் எல்லோரும் மயங்கியது அந்தத் தப்பான வரிசையில்தான். லாரி ஓட்டும் அண்ணனும் தம்பியும் முதலில் பாலத்தில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அதற்குப் பிறகு சண்டை. சண்டை போட்ட கையோடு அண்ணன் படகேறிப் போவான், போகும்போது கையசைப்பான். அந்தக் கையசைப்புக்காகத்தானே அக்கா, நாம் அத்தனை முறை பார்த்தோம்.

புது இயக்குநர் பேட்டியில், கதை எழுதப்பட்ட வரிசைப்படியே எடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். அதாவது முதலில் சண்டை, பிறகு பாலம், பிறகு படகு. அது சரியாகவே இருந்தாலும் நமக்குத் தப்புதான் என்றார் கடைக்காரர். அப்போதுதான் உன் பதிவை வாசித்தார்: “சண்டைக்கு அப்புறம் பாலம் வராது. வந்தா அது சினிமா.”

அறையே கைதட்டியது. எனக்கு மட்டும் அது படத்தைப் பற்றி எழுதியதாகப் படவில்லை. வெளியாகும் வாரம் யாரும் தியேட்டர் பக்கம் போகக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். நான் பூனை என்று நீ சொல்வது சரிதான்.

படத்தை எப்படிப் பார்த்தேன் என்று கேட்பாய். நீ போனபிறகு எனக்குப் புது வேலை கிடைத்தது. காது கேளாதவர்களுக்காகப் படத்தின் அடியில் எழுத்து போடுவார்களே, அந்த வேலை. ஜன்னல் இல்லாத சின்ன அறை, காதில் ஹெட்போன். வசனத்தை மட்டும் எழுதினால் போதாது. கதவு சாத்துவது, தூரத்தில் லாரி வருவது, ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது எல்லாவற்றையும் எழுத வேண்டும். நம் படம் என் மேஜைக்கு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும். உன்னிடம் சொல்வது வெளியே சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

படகில் அவன் கையசைக்கும் இடத்தில் புதுப் படத்தில் இசைகூட இல்லை. நான் அங்கே ‘சத்தம் இல்லை’ என்று எழுதினேன். ஒன்றுமே கேட்காத இடத்தில் எதற்கு எழுத்து என்று மேலாளர் கேட்டார். எழுதாவிட்டால், பார்க்கிறவர்கள் எழுத்து நின்றுபோய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள் என்றேன். சரி, இருக்கட்டும் என்றுவிட்டார்.

நாம் வாழ்ந்தது டி.வி. வரிசைப்படி. நீ புறப்படுவதற்கு முந்தின நாள் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து மூடி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் காலை, அந்த டேப் யாருக்கு என்பதில் சண்டை ஆரம்பித்தது. “நீ இங்கேயே உக்காந்து அதையே பார்த்துக்கிட்டு இரு” என்றாய். போகிறவர்களுக்கு அது எதற்கு என்று நான் கேட்டேன். டாக்சி வந்துவிட்டது. நான் வாசலில்தான் நின்றேன். வெயில் பட்டு வண்டிக் கண்ணாடி பளபளத்ததில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நீ கையசைத்தாயா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டேப் அலமாரியில்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்க இப்போது மெஷின் இல்லை. சாப்பிடும்போது பேச்சுக்குரல் இருக்கட்டும் என்று டி.வி.யை ஓடவிடுகிறேன். உன் அறையில் துணி காயப்போடுகிறேன். வேறு எதையும் மாற்றவில்லை.

அக்கா, புதுப் படத்தில் பாலத்துக்காட்சி சண்டைக்குப் பிறகு வருகிறது. தம்பி வந்து பக்கத்தில் உட்காருகிறான். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் நகர்ந்து இடம் விடுகிறான். அவ்வளவுதான். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதேன். அது சினிமாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். உன் ஊரில் வந்தால் குழுவுக்குத் தெரியாமல் ஒருமுறை பார். எழுத்தோடு போடும் காட்சிக்குப் போ. அடியில் வருவதெல்லாம் நான் எழுதியது.

உன் புது முகவரி என்னிடம் இல்லாததால் உன் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். எங்கே இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இரு.

உன்
பூனை


அக்காவுக்கு,

பதில் கேட்டு இதை எழுதவில்லை. படம் வெளியான இரண்டாவது வாரமே தூக்கிவிட்டார்கள். முதல் வாரம் நான் மட்டும் போனேன். தியேட்டரில் என் வரிசையில் வேறு யாரும் இல்லை. கூட்டத்தில் கை தூக்கியவர்களில் ஒருவரையும் அங்கே காணவில்லை. மருந்துக்கடைக்காரர் குழுவில் வெற்றி என்று எழுதினார்.

அதற்குக் கீழே ஏழாம் ரீல், “எழுத்தோடு பார்த்தேன்” என்று எழுதியிருந்தாள். தாய்மொழிப் படத்துக்கு எழுத்து எதற்கு, காது போயிடுச்சா, நீங்களும் கட்சி மாறிட்டீங்களா என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். நீ அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பூனை