பெஞ்சுக்கு அடியில் பேட்டரி

1986 மார்ச் 6, சேலம்

ஆஸ்பத்திரி வேன் வேலை முடிந்தது. ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிற வேன். விளக்குக்கும் மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கும் இஞ்சின் பேட்டரி போதாதென்று தனியாக ஒரு பெரிய சீல்டு பேட்டரி. வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பியது. தண்ணீர் ஊற்ற மூடியே கிடையாது. முப்பது கிலோவாவது இருக்கும். நோயாளி படுக்கும் பெஞ்சுக்கு அடியில், தகரம் அடித்த பெட்டிக்குள் வைத்தேன்.

இறுக்கிப் பிடிக்க இரும்புப் பட்டை வேண்டும். வெல்டிங் கடையிலிருந்து வரவில்லை. முதலாளி வேலுமணி தலைக்குமேல் நின்றார். "நைலான் கயித்துல கட்டுப்பா செபஸ்தியான். காலைல தொறப்பு விழா. சீல் வெச்சதுதான, ஒண்ணும் ஆவாது." கட்டினேன். பியூஸும் போடவில்லை. அந்த அளவில் கடையில் இல்லை.

மார்ச் 7

விழா. எல்லோரும் கைதட்டினார்கள். பட்டையை எப்போது போடுவது என்று முதலாளியிடம் கேட்டேன். "சர்வீசுக்கு வாரப்ப பாத்துக்கலாம்."

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, பேட்டரியோடு வந்த தாளை இசபெல்லாவிடம் கொடுத்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "சார்ஜ் அதிகமானா வால்வு வழியா கேஸ் வெளிய வருமாம். பெட்டிக்குக் காத்து வழி வேணுமாம். வண்டி கவுந்தாலும் அசையாத மாதிரி இரும்புல பிடிக்கணும். பிளஸ் முனை பக்கத்துலயே பியூஸ்." நிமிர்ந்தாள். "இதெல்லாம் செஞ்சிருக்கீங்கதானே?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 10

ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். வேன் எருமப்பட்டியில். முதலாளியிடம் லீவு கேட்டேன். "அங்க போயி தப்பாக் கட்டிட்டம்னு சொல்லுவியா? கடைப் பேரு என்னாவறது?" — சரிதான். ஆனால் அந்த பெஞ்சில் யாரோ படுத்திருப்பார்களே?

மார்ச் 11

சொல்லாமல் முதல் பஸ் ஏறினேன்.

வேன் பஞ்சாயத்து ஆபீஸ் எதிரே நின்றது. டிரைவர் கருப்பண்ணன் அவசரமாக ஏறிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, நேத்திருந்து பள்ளத்துல எறங்குனா உள்ள லைட்டு மினுக்கு மினுக்குங்குதுங்க. அப்பறம் பாருங்க, இப்ப நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போகோணும்."

உள்ளே பெஞ்சில் நிறைமாதக் கர்ப்பிணி, காளியாத்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் இன்பமேரி பக்கத்தில்.

"இஞ்சினைப் போடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"ரத்தம் போகுது. உடனே போயாகணும். என்ன விசயம்?"

என்னத்தைச் சொல்ல! "சிஸ்டர், இந்த பெஞ்சுக்கு அடியில இருக்கற பேட்டரியை நாந்தான் சரியாக் கட்டாம விட்டுட்டேன். பத்து நிமிசம் குடுங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு."

ஸ்ட்ரெச்சரில் அந்தப் பெண்ணை வெளியே இறக்கினோம். பெட்டியைத் திறந்தேன். கயிறு தொய்ந்து பேட்டரி ஒரு சாண் நகர்ந்திருந்தது. சிவப்பு ஒயர் தகர விளிம்பில் நசுங்கி, மேலுறை தேய்ந்து, செம்பு பளிச்சென்று தெரிந்தது. அந்தச் செம்பு தகரத்தைத் தொட்டால் பொறி பறக்கும், உள்ளே தங்கிய கேஸ் வெடிக்கும். இன்னும் ஒரு பள்ளம் — ஒரே ஒரு பள்ளம். பெட்டி மேல் மெத்தை. மெத்தை மேல் அவள்.

மைனஸை முதலில் கழற்றினேன். பிளஸையும் கழற்றி, ஒயர் முனையில் டேப் சுற்றினேன். நானும் கருப்பண்ணனுமாகத் தூக்கிப் பேட்டரியை பஞ்சாயத்து ஆபீசில் இறக்கிவைத்தோம். மருந்துகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றினார்கள். நாமக்கல் வரை குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்தபடி நின்றேன்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். அவள் புருசன் ராசு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க சாமி." வேனுக்குள் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 12

வேன் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் முதலாளியையும் என்னையும் கூப்பிட்டார். வாசலிலேயே முதலாளி காதோடு சொன்னார்: "ரோட்டுக் குலுக்கல்ல கயிறு அறுந்துபோச்சுன்னு சொல்லிப்போடு."

உள்ளதைச் சொன்னேன். பட்டை, பியூஸ், காற்று வழி, மூன்றும் போடாதது.

"உங்களை நம்பித்தானே அதுமேல சனங்களைப் படுக்க வெச்சோம்?" என்றார் டாக்டர்.

வேன் வேலை வேறு கடைக்குப் போய்விட்டது. என்னையும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார் முதலாளி. பதினோரு வருசம்.

மார்ச் 13

இசபெல்லா காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மே 5, திருச்செங்கோடு

ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிப் பட்டறையில் வேலை கிடைத்தது. இங்கே யாரும் என்னைப் பற்றிக் கேட்கவில்லை. நானே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 2

செங்கோட்டையன் என்பவருடைய ரிக் வண்டி. ஆட்கள் படுக்கிற கேபினுக்கு அடியில் பேட்டரி. பட்டையின் துளை சட்டத்தோடு பொருந்தவில்லை. "இன்னிக்குப் பொழுதோட ஆந்திராவுக்குக் கெளம்போணுங்க. இப்பத்திக்குக் கயிறு போட்டு உடுங்க" என்றார்.

"நாளைக்குத்தாங்க கிளம்பும்" என்றேன்.

கத்தினார். பட்டறைக்காரரிடம் போனார், அவர் என்னைக் காட்டிக் கைவிரித்தார். இப்போது லாரிப் படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார். புதுத் துளை போட்டாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போய் போல்ட் முடுக்க வேண்டும்.