மஞ்சள் துணி வேண்டாம் என்றவளுக்கு

இன்று காலை, இப்போது உன் இடத்தில் துவைக்கிற உன் மகள் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டாள். மூன்று முறை அலசியும் சந்தனம் போகவில்லையாம், தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். உறையின் நடுவில் ஒரு மொட்டைத் தலை அளவுக்கு மஞ்சள் வட்டம். பிளீச்சிங் பவுடரும் சந்தனமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்தது. "எவன் தலையோ தெரியாது ரைட்டரு, வாசம் மட்டும் என் கையில" என்று என் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டுவாயே, அந்தக் கை. உறையை நான் போடவிடவில்லை. மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாளைக்குக் குழாய் விசாரணை. உனக்குத் தெரியாத செய்தி இது. ஏரிக்கரையில் உங்கள் குடிசைகளுக்கு நடுவே இருக்கிற ஒரே குழாயைப் பிடுங்கப் போகிறார்களாம். பதிவில் இல்லாதவர்களால் ஊர்த் தண்ணீர் தீர்ந்துபோகிறது என்று ஒரு பக்கம் மனு. அங்கே நிரந்தரமாக யாருமே குடியிருக்கவில்லை என்று இன்னொரு பக்கம் கோப்பு. இல்லாத ஆட்கள் எப்படித் தண்ணீரைத் தீர்த்தார்கள் என்று கேட்க ஆளில்லை. அந்தக் கோப்பு அப்படி ஆனதற்கு முதல் காரணம் நான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு ஆறுதல் சொல்லிவிடுவார்கள்.

திருத்தணி மலையடிவாரத்தில் இந்த லாட்ஜில் பதிவேடு எழுதுகிறவளாக நான் உட்கார்ந்திருக்கும் இடம் உனக்குத் தெரியும். முன்வாசலில் கண்ணாடி மேசை, அதன்மேல் நீளப் பதிவேடு. பெயர், வந்த ஊர், வந்த நாள், வந்த காரணம், காலி செய்த நாள், போகும் ஊர். ஒரே ஒரு பொழுது தங்கி, படியேறி, முடி இறக்கி, சாமி பார்த்துவிட்டுப் போகிறவருக்குக்கூட அதில் ஒரு முழு வரி உண்டு. நீ பின்வாசல் வழியாக வந்தாய். இருபத்து நாலு ஆண்டுகள் அந்த விரிப்புகளையும் உறைகளையும் துவைத்தாய். எந்தக் கட்டத்திலும் உன் பெயர் இல்லை. ஒருநாள் தோளில் ஈரத்துணி மூட்டையோடு நின்று எட்டிப் பார்த்தாய். "இம்மாம் பேரை எழுதறியே, ஒரு ஓரத்துல என் பேரையும் எழுதேன்" என்றாய். "நீ எந்த ரூமு?" என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் ரேஷன் அட்டை மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், நகரிக்கு அருகில் உன் அப்பா ஊரில் இருந்தது. வேலை இந்தப் பக்கம். "எங்க நைனா பொறந்தப்போ ரெண்டும் ஒரே பக்கந்தான். எவனோ நடுவுல கோடு போட்டான். பஸ்ஸுல குந்தினா ஒரு தூக்கம்கூடப் போட முடியாது, அதுக்குள்ள நான் வெளியூராளு ஆயிடுறேன்" என்பாய். உன்னைப் போலவே ஏரிக்கரையில் மற்றவர்களும். பூக் கட்டுகிறவர்கள், மண்டபங்களைப் பெருக்குகிறவர்கள், புதிய லாட்ஜுகளுக்குச் செங்கல் சுமக்கிறவர்கள். லாட்ஜ்கள் பெருகப் பெருகக் குடிசைகளும் பெருகின. வேலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டாம் என்பது எங்கள் ஊரின் கணக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர்ப் பஞ்சம் பொய்யில்லை. எங்கள் தெருவிலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டு போர்வெல் காற்றைத்தான் துப்பியது. ஏரிக்கரை ஆட்கள் தெருக்குழாயில் பிடிப்பதால்தான் என்று தெருவில் மனு எழுதியபோது நானும் கையெழுத்துப் போட்டேன். அதை மறைக்காமல் உன்னிடம் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். "மேல வா" என்று என்னை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாய். அன்று முகூர்த்த நாள். தொட்டி நிரம்ப நிரம்பக் கீழே காலியாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குளியலறையிலும் சத்தம் கேட்டது.

"எங்க குடிசைக்கு ஒரு நாளைக்கு நாலு கொடம் ரைட்டரு. இங்க முடி எறக்கிகினு வர்ற ஒரு தலைக்கே நாலு பக்கெட்டு. குளிக்கட்டும், சாமி பாக்க வந்தவங்க, நான் வேணாங்கல. ஆனா குளிச்சவங்கள உட்டுட்டுத் தொவச்சவளப் புடிக்கறாங்களே, இது இன்னா நாயம்?"

போட்ட கையெழுத்தை எடுக்க முடியவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஏதாவது செய்தே தீரவேண்டும் என்ற வேகம் மட்டும் மண்டைக்குள் ஏறிவிட்டது. அந்த வேகம்தான் வினையாயிற்று.

அந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் ஏரிக்கரையைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு நீங்கள் எல்லோரும் கிளம்ப நின்றீர்கள். நான் குறுக்கே புகுந்தேன். "இந்த ஊர்ல சந்தனம் பூசின மொட்டைத் தலையை எவனாவது விரட்டிப் பாத்திருக்கியா?" என்று கேட்டேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். அறைகளில் பக்தர்கள் விட்டுப்போன மஞ்சள் துணிகள் துவைத்து மடித்து உன்னிடம் ஒரு மூட்டையே இருந்தது. அதைப் பிரித்தோம். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து முடி இறக்கினார்கள். சந்தனம் கரைத்தது நீ. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிற நான் ஆளாளுக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டேன்.

"ஆண்டவரு இதைப் பாத்துகினு இருக்காரா?" என்று நீ கேட்டாய்.

"பாத்தா பாக்கட்டும், இன்னைக்கு அவர் லீவு" என்றேன்.

வந்த அதிகாரி நல்ல மனிதர். மொட்டைத் தலைகளைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். "கிருத்திகை முடிஞ்சதும் கெளம்பிடுவோம் சாமி" என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். அந்த அதிகாரியும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையிலிருந்த நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். கிருத்திகை பக்தர்கள், தற்காலிகம். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு அதுவே பழக்கமாயிற்று. யார் வந்தாலும் மஞ்சள் துணி வெளியே வரும். ஒரு முறை தைப்பூசம், ஒரு முறை படித் திருவிழா, ஒன்றும் இல்லாவிட்டால் மாதக் கிருத்திகை இருக்கவே இருக்கிறது. பக்தர்கள் இத்தனை பேர் தங்குகிறார்களே என்று அந்த இடத்துக்குக் குழாயும் போட்டுக் கொடுத்தார்கள். குழாயில் வந்த முதல் சொம்புத் தண்ணீரை எனக்குத்தான் கொடுத்தாய். என் புத்தியால் வந்த தண்ணீர் என்று ஏரிக்கரை முழுக்கச் சொன்னாய். எனக்கும் தலைகால் புரியவில்லை. பதிவேடு எழுதியே பிழைக்கிறவள் நான். எழுதியது எழுதியதுதான், அது எங்கேயும் போகாது என்று எனக்கல்லவா முதலில் உறைத்திருக்க வேண்டும்?

உறைத்தது, வீடுவீடாகக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு வாசித்தார்கள். ஏரிக்கரையில் குடியிருப்பு எதுவும் இல்லை, பழைய பார்வைக் குறிப்புகள் எல்லாவற்றிலும் விழாக் காலப் பக்தர்கள் என்றே இருக்கிறது, ஆகவே அங்கே அட்டைக்கோ வீட்டு எண்ணுக்கோ இடமில்லை. எங்கள் தெருக்காரர்கள் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ எழுந்தாய். கையில் துவைத்த ஈரம்கூடக் காயவில்லை.

"சாமி, இருவத்திரண்டு வருசமா நான் சாமி கும்ட்டுகினே கீறேனா? என் பொண்ணு அங்கதான் பொறந்தா. பக்தருங்க ஊட்ல தொட்டில் கட்டுவாங்களா?"

மண்டபம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "அப்புறம் ஏம்மா ஒவ்வொரு தடவையும் கோயிலுக்கு வந்தோம்னு சொன்னீங்க?" என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பிவிடுவாய் என்று பயந்தேன். நீ திரும்பவில்லை. "தெரியாம சொல்லிட்டோம் சாமி. இப்ப தெரிஞ்சி சொல்றேன், எழுதிக்கோங்க. நாங்க இங்கதான் இருக்கறோம்" என்றாய். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே வந்து நான் அழுதேன். நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "உடு ரைட்டரு. ஒளிஞ்சிகினு தண்ணி குடிச்சது போதும்" என்றாய். அன்று மாலையே மஞ்சள் துணி மூட்டையைத் தூக்கிக் கோயில் வாசலில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டாய். அடுத்த முறை பார்வையிட ஆட்கள் வந்தபோது யாரும் சந்தனம் பூசவில்லை. நீ குழாயடியிலேயே உட்கார்ந்து, உன் வீட்டுத் துணியைப் போட்டு அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாய். "பேரு சொல்லட்டுமா?" என்று நீயே கேட்டாய். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் அதோடு துவைத்தாய். நாலாம் நாள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீட்டுப் போடுகிற இடத்தில் முகவரி கேட்டார்கள். என் தோளில் சாய்ந்திருந்த நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "மஞ்சத்துணி எட்துகினு வந்திருக்கலாம் ரைட்டரு." அதற்கும் சிரித்தாய். நான் லாட்ஜ் முகவரியைக் கொடுத்தேன். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை ஏரிக்கரைச் சுடுகாட்டில்தான் எரித்தோம். நகரிப் பக்கம் கொண்டுபோகலாமா என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். "எங்க அம்மா இந்த ஊரு" என்று உன் மகள் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

அந்த வாரமே நான் கடைக்குப் போய், லாட்ஜில் இருப்பது போலவே ஒரு நீளப் பதிவேடு வாங்கினேன். அதே கட்டங்களை அளவெடுத்துக் கோடு போட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையிலிருந்து நேரே ஏரிக்கரைக்குப் போவேன். முதல் இரண்டு வாரம் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. "நீ சொல்லிக் குடுத்ததுலதான் இந்த கெதி. பேரைக் குடுத்தா இன்னும் சுளுவாத் தொரத்துவாங்க" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். நியாயமான பேச்சு. நான் பேனாவை மூடிக்கொண்டு எழுந்தேன்.

என்னைப் பெரியம்மா முறை வைத்துக் கூப்பிடுகிற உன் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "குந்து பெத்தம்மா. என் பேரை எழுது, என் கொழந்த பேரை எழுது. ஒளிஞ்சிகினு தண்ணி குடிச்சது போதும்னு அம்மா சொல்லிச்சில்ல?" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்த காரணம் என்ற கட்டத்தில் அவரவர் சொன்னபடியே எழுதினேன். பூக் கட்ட. செங்கல் சுமக்க. இங்கே கட்டிக்கொடுத்ததால். உன் மகள் மட்டும் சண்டைக்கு வந்தாள், "நான் எங்கருந்து வந்தேன், வந்த காரணம் எழுத?" என்று. பிறந்தாள் என்று எழுதினேன்.

நாளைக்கு இந்தப் பதிவேட்டை விசாரணை மேசைமேல் வைப்பேன். முன்னால் எழுதிய பொய் எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது என்று எழுந்து நின்று சொல்வேன். தெருக்காரர்கள் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள், சபையிலும் நாலு பேர் பேசுவார்கள், லாட்ஜ் வேலை இருக்குமோ இருக்காதோ. இருக்கட்டும். தண்ணீர் குறைவுதான் என்றால் எல்லாருடைய குடத்தையும் எண்ணிப் பங்கிடட்டும், மாடித் தொட்டிகளையும் சேர்த்து எண்ணட்டும். குழாயைப் பிடுங்க ஆள் வந்தால் உன் மகள் குழந்தையோடு குழாயடியில் உட்காருவாளாம். பக்கத்தில் எனக்கும் ஒரு கல் போட்டு வைத்திருக்கிறாள். என்ன புடவை கட்டட்டும் என்று சும்மா கேட்டுவைத்தேன். "எதுவானா கட்டு பெத்தம்மா, மஞ்சள் மட்டும் வேணாம்" என்றாள்.

பதிவேட்டின் முதல் வரி உனக்கு. ஒரு ஓரத்தில் எழுதச் சொன்னாய், தலைமேலேயே எழுதியிருக்கிறேன். காலி செய்த நாள் என்ற கட்டத்தை வெகு நாள் வெறுமனே விட்டு வைத்திருந்தேன். கை போகவில்லை. ஆனால் இந்தப் பதிவேட்டில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது. அதனால் இன்று, அந்தத் தலையணை உறையைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, உன்னை எரித்த நாளை அதில் எழுதினேன். அடுத்த கட்டம் போகும் ஊர். அதற்கு நான் யோசிக்கவே இல்லை. உனக்கு எழுதியதையே உன் மகளுக்கும், அவள் குழந்தைக்கும், கடைசி வரி வரைக்கும் எல்லாருக்கும் எழுதி முடித்தேன்.

போகும் ஊர்: திருத்தணி.