ஆர்லிஸின் மாட்டுக்குட்டையில் விடியல்

ஏப்ரல் 9

மூடுபனி இருந்தது, காற்று இல்லை, கீழ்வானில் மெல்லிய மேகம். இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கும் காலைகள் மிகவும் அரியவை. ஆயினும் ஏரிக்கரையில் கேமரா முக்காலியை நாணலுக்கு நடுவே நிறுத்தி முடிப்பதற்குள் மேகம் கலைந்து, வானம் துடைத்து வைத்த தட்டைப்போல் ஆகிவிட்டது. ஒரு படமும் தேறவில்லை.

வீடு திரும்பியதும் டுவெய்ன், "இன்னிக்கு எவ்வளவு அழகான நாளு பாத்தியா" என்றார். இத்தனை ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தும் மேகமற்ற வானத்தை அழகு என்று சொல்லும் கணவரிடம் என்ன பேசுவது? பள்ளிச் சமையற்கூட வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஏரியில் வழக்கம்போல் என்னைத் தவிர எவருமில்லை. அரசு நிலம், யாரும் போகலாம். ஆனால் அந்த மணற்குன்றுகளுக்குப் பின்னே நீர் இருக்கிறது என்பதை எவரும் அறியார். வரைபடத்தில் அதற்குப் பெயரே இல்லை. அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 17

மாநில மாத இதழிலிருந்து தொலைபேசி. சென்ற இலையுதிர்காலத்தில் நான் எடுத்த மூடுபனிப் படத்தை ஜூன் மாத அட்டைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரியிலும் பயிலாமல், நூலகப் புத்தகங்களையும் என் பிழைகளையும் மட்டுமே ஆசான்களாகக் கொண்டு கற்றவள் நான்.

இதழாசிரியை செலஸ்ட் என்பவர், குரலை வைத்துப் பார்த்தால் மிகவும் இளையவர், இறுதியில் கேட்டார்: "எந்த இடம்னு சொல்லிடுங்க மேடம். வாசகருங்க மொதல்ல அதத்தான் கேப்பாங்க." இடம் சொல்ல இயலாது என்றேன். இடத்தின் பெயரில்லாமல் அட்டையில் போடுவது தங்கள் இதழின் வழக்கமில்லை என்றார்.

ஏரியா, அட்டையா? பெயர் வெளிவந்தால் அடுத்த வாரமே அங்கே ஐம்பது முக்காலிகள் நிற்கும். நாணல் மிதிபடும். நாரைகள் வேறிடம் தேடிப் போகும். எனக்கென்று இவ்வுலகில் இருப்பது அந்த ஒரு கரைதான்.

சமையலறைச் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். பக்கத்துப் பண்ணையில் நீரிறைக்கும் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆர்லிஸ் காஸ்மிக்கியின் குட்டை" என்றேன்.

அந்தப் பண்ணைக்காரி ஆர்லிஸ் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவள் குட்டை என்பது காற்றாலைத் தொட்டியிலிருந்து வழியும் நீர் தேங்கி, மாடுகள் மிதித்துக் குழப்பிய சேறு. இரசனையுள்ள எந்த மனிதரும் அங்கே ஐந்து நிமிடம் நிற்கமாட்டார். வருவார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள், விஷயம் முடிந்தது. தன் இடத்தை மறைப்பது இத்துறையில் பொய்யாகக் கருதப்படுவதில்லை. ஒழுக்கமாகவே கருதப்படுகிறது.

ஏப்ரல் 18

டுவெய்னிடம் சொன்னேன். முட்டையைக் கிளறிக்கொண்டே, "பொய் சொல்றதுதான் சொல்ற, தூரமா ஏதாச்சும் ஒரு ஊர்ப் பேரச் சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுக்காரிதான் கெடச்சாளா?" என்றார்.

ஜூன் 2

இதழ் வந்துவிட்டது. அட்டையில் என் ஏரி. கீழே என் பெயர்: லோர்னா வாவ்ரா. அதன் கீழே ஆர்லிஸின் மாட்டுக்குட்டை.

ஜூன் 7

விடியுமுன்னே ஆர்லிஸின் வேலியோரம் கார்களின் வரிசை. நண்பகலில் அவளே வந்துவிட்டாள். வாசலில் நின்றபடி, "என்னடி, என் குட்டைய எதுலயோ போட்டு ஊரயே கூட்டிட்டு வந்துட்ட? பசுமாடுங்கல்லாம் தண்ணி குடிக்கவே கூச்சப்படுதுங்க" என்றாள்.

மன்னிப்புக் கேட்பதற்கான சொற்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள், "அந்தப் படத்துல இருக்கறது என் குட்டை இல்லன்னு எனக்குத் தெரியாதா? எங்கன்னு நான் கேக்கல. நீ சொல்லவும் வேண்டாம்" என்று சொல்லி, வந்தவர்களுக்குக் கொடுக்க எங்கள் வீட்டுப் பெரிய காப்பிக் கெட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 21

படமெடுக்க வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. புதிதாகவும் வருகிறார்கள். படத்தில் உள்ள குன்று இங்கே இல்லையே என்று ஒருவர் கேட்டாராம். லோர்னா வாவ்ரா தரையோடு தரையாகப் படுத்து எடுத்திருக்க வேண்டும் என்று இன்னொருவர் விளக்கினாராம். நாணல் எங்கே? மாடுகள் தின்றிருக்கும். ஏரியளவு நீர் எங்கே? இவ்வாண்டு மழை குறைவு. இவற்றையெல்லாம் ஆர்லிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் தினமும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி சுட்டுப் பண்ணைக் கதவருகே வைக்கிறாள். பிள்ளைகள் வெளியூர் போனபின் அவள் இத்தனை பேருக்குச் சமைத்ததில்லை.

நான் ஏரியில் தனியே இருந்தேன். நல்ல மூடுபனி. ஏனோ மனம் ஒன்றவில்லை.

ஆகஸ்ட் 30

செப்டம்பர் இதழ். அட்டையில் "காஸ்மிக்கி குட்டையில் விடியல்". எடுத்தவர் ஒமாஹா நகரைச் சேர்ந்த வெர்ன் ஹாக்ஸ்டெட் என்னும் ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.

மாடுகள் நீருக்கு இறங்குகின்றன. அவற்றின் குளம்புகள் கிளப்பிய புழுதி முழுவதும் கதிரொளி பட்டுப் பொன்னாகியிருக்கிறது. அதனூடே காற்றாலை நிழலுருவாகத் தெரிகிறது. முன்னங்கால் மடக்கிய ஒரு கன்றின் வாயிலிருந்து நீர் சொட்டுகிறது. அந்தச் சொட்டில் கூட ஒளி.

குறை கண்டுபிடிக்க மூன்று முறை பார்த்தேன். அடிவானம் இம்மியளவும் சாயவில்லை.

என் சமையலறைச் சன்னலிலிருந்து தெரியும் இடம் அது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்தப் புழுதியைப் பார்த்து, ஈரத் துணிகள் கெடுமே என்றுதானே நினைத்தேன்? வேறென்ன நினைத்தேன்? ச்சே, கண்ணு இருந்தும் பாக்காம விட்டுட்டேனே.

செப்டம்பர் 12

சனிக்கிழமை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து குட்டைக்குப் போனேன். காரணம் நேர்மை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் என் ஏரியின் படத்தை அங்கே கூடுவோர் இந்தச் சேற்றின் கணக்கில் எழுதி, அதைவிடப் பல் மருத்துவரின் படம் மேல் என்று ஒப்பிட்டுப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இருட்டில் என்னை எவரும் அறியவில்லை. நீலத் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர், அவர்தான் ஹாக்ஸ்டெட் என்று பின்னர் தெரிந்தது, என் முக்காலியைத் தாமே தூக்கி நகர்த்தி, "இங்க நிக்காதீங்கம்மா. லோர்னா வாவ்ரா நின்ன எடம் அதோ, அந்தக் கம்பம் பக்கத்துல" என்றார்.

நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன்: லோர்னா வாவ்ரா நான்தான். அந்தப் படம் இங்கே எடுக்கப்பட்டதன்று. உண்மையான இடத்தை மறைக்கவே இக்குட்டையின் பெயரைச் சொன்னேன்.

வரிசை முழுவதும் சிரிப்பு. கேலிச் சிரிப்பன்று, உடன்தொழில் செய்வோரின் மரியாதைச் சிரிப்பு.

"நாங்களா இருந்தாலும் இதத்தான் சொல்லுவோம் மேடம்" என்றார் ஹாக்ஸ்டெட். "நல்ல எடத்துல கூட்டம் கூடிட்டா, 'இங்க இல்ல, வேற எங்கயோ'ன்னு சொல்லித்தான் ஆளக் கெளப்பணும். எங்ககிட்டயேவா?"

நான் மேலும் வலியுறுத்தினேன். நான் வலியுறுத்த வலியுறுத்த அவர்களின் நம்பிக்கை உறுதிப்பட்டது. ஒரு பெண்மணி என் கையைப் பற்றி, உங்கள் கவலை புரிகிறது, குப்பை எதுவும் போடமாட்டோம் என்றார். இருவர் விலகிக் கம்பத்தருகே எனக்கு இடம் விட்டனர்.

மாடுகள் இறங்கத் தொடங்கின. ஒளி வந்தது. வாதத்திற்கு அது நேரமில்லை.

செப்டம்பர் 13

நேற்றைய படங்களில் ஒன்று மோசமில்லை.

அக்டோபர் 4

ஆர்லிஸ் மாலையில் வந்தாள். நாளை மந்தையை மேற்குப் பக்கத்திலிருந்து ஓட்டி வருவாளாம். புழுதி இன்னும் உயரமாக எழுமாம். "கம்பத்துகிட்ட யாரயும் நிக்க விடமாட்டேன். நீ வருவ இல்ல?" என்று கேட்டாள். வருவேன் என்றேன்.

போகும்போது, அந்த இன்னொரு இடத்தை யாராவது கண்டுபிடித்துவிட்டார்களா என்று முதன்முறையாக விசாரித்தாள். இல்லை, அங்கே யாரும் போவதில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நானும் போவதில்லை.