கொக்குச் சண்டைக் கடிதம்

7 ஜூன் 2004
கோடு போட்ட நோட்டுதான். என் எழுத்துதான் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ‘ழ’ எல்லாம் வாலைத் தொங்கவிட்டுக் கீழ் வரிக்கு இறங்கிவிடுகிறது. நோட்டே, கோபித்துக்கொள்ளாதே. இந்த வயதில் மருமகள் அனுபமாவிடம் கற்ற எழுத்து. மல்லாபூர் பாக்டரியில் கடைசிச் சம்பளம் வரை கைநாட்டு வைத்தவன் நான்!

9 ஜூன்
கீழ்வீட்டு ராமச்சந்திரன் சாருக்குக் கண் அறவே தெரியவில்லை. அவரும் திருச்சி வைத்தியநாதனும் வாலிபத்தில் ஒரே ஏரியை ஆராய்ந்தவர்கள். செடி, மீன், பறவை எல்லாம் ஒன்றை நம்பி ஒன்று எப்படி வாழ்கிறது என்று. அப்போது அந்தப் படிப்பை யாரும் மதிக்கவில்லையாம்.

அன்றிலிருந்து இருவருக்கும் இங்கிலீஷில் கடிதப் போக்குவரத்து. கொக்கு ஏன் குறைந்தது? ஆகாயத்தாமரை ஏரியை மூடியதால் என்கிறார் இவர். மீனைப் பிடித்துத் தீர்த்ததால் என்கிறார் அவர். சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் கண் போனபின் இவர் கடிதம் நின்றுவிட்டது.

“போன்ல பேசலாமே சார்?”

“அவனுக்குக் காது கேக்காது ஓய். நான் சொல்லச் சொல்ல, தமிழ்ல நீர் எழுதுமேன், நாகப்பன்.”

நானா!

12 ஜூன்
எழுதிவிட்டேன்! சார் போட்ட சட்டம் ஒன்றுதான்: “காதுல விழுந்ததை அப்படியே எழுதும். கூட்டாதீர், குறைக்காதீர். ஏரியில நாங்க அப்படித்தான் குறிப்பெடுத்தோம்.” அடியில் ‘எழுதியது நாகப்பன்’ என்று போட்டு, நானே ஒட்டி, நானே தபால்பெட்டியில் போட்டேன்.

14 ஜூன்
ஐயோ.

சார் சிரித்துக்கொண்டே கேட்டார்: “நடுவுல அவனைத் திட்டினேனே, அதை விட்டுட்டீர் இல்ல?”

விடவில்லையே! ‘மண்டையில மூளைக்குப் பதிலா மீனை வச்சிண்டிருக்கான்’ — எழுதினேன். ‘சார் இருமுகிறார்’ — எழுதினேன். ‘இதை எழுதாதேயும் ஓய்’ — அதையும் எழுதினேன்.

பதறினால் சாருக்கு இந்த ஊர் உருதுதான் வரும். “நக்கோ நக்கோ, வேண்டாம்னா வேண்டாம்தான்... அவன் ரோஷக்காரன் ஓய்!”

“நீங்கதானே சார் அப்படியே எழுதச் சொன்னீங்க?”

சார் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

21 ஜூன்
தபால் இல்லை.

24 ஜூன்
இன்றும் இல்லை. சார் காபியை ஆறவிட்டுவிட்டார். எனக்கு எதுக்குய்யா இந்தப் பேனா? பேசாம கைநாட்டாவே இருந்திருக்கலாம். எத்தனை கால சிநேகம்!

29 ஜூன்
வந்தது! தமிழில், எனக்காகப் பெரிய பெரிய எழுத்தில். எழுத்துக்கூட்டிச் சாருக்கு வாசித்தேன்:

“ராமா, இங்கிலீஷ்ல நீ மரியாதையாவே எழுதித் தொலைச்சே. காது போனப்புறம் உன் வசவே எனக்கு இல்லாமப் போச்சு. இப்போதான் நீ பக்கத்துல உக்காந்து கத்தற மாதிரி இருந்தது. இருமலுக்கு மருந்து சாப்பிடு. நாகப்பனை மாத்தாதே. கொக்கு மீனாலதான் போச்சு.”

சார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “திமிரைப் பாரும்! எடும் ஓய் பேப்பரை!”

நாலு வசவு எழுதுவதற்குள் விரல் மரத்துவிட்டது. மிச்சத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன் சார் என்றேன்.

“அதுவும் சரி. அதுக்குள்ள இன்னும் நல்லதா யோசிச்சு வைக்கறேன்.”