ஏழு மணி மாத்திரை

கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்
புதன்கிழமை

சௌபாக்கியவதி மேகனாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பெருமாள் கடாக்ஷத்தில் அப்பா, தேசிக், நான் மூவரும் சௌக்கியம், அப்பாவின் முணுமுணுப்பும் சௌக்கியமாகவே இருக்கிறது. டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம், பயப்படாதே, நல்ல சேதிதான்.

உன் தம்பி தேசிக் மாதிரி அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு, முகப்பருவுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் உதவுமா என்று பார்க்கும் ஆராய்ச்சியில் நீதானே அவனைச் சேர்க்கச் சொன்னாய். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் ஷெர்லினுக்கே தெரியாது என்றார்கள். ஆறே மாதத்தில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்தான், காபியில சர்க்கரை போதலை என்று அப்பாவிடம் சண்டைகூடப் போட்டான், மருந்தேதான் என்று நான் வீதி முழுக்கச் சொல்லிவிட்டேன். போன மாதம் மாத்திரை முடிந்ததும் பயந்துபோனேன், வந்த பேச்சு திரும்பப் போய்விடுமோ என்று. புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னும் ஒரு டப்பா கொடுங்கள் என்று கெஞ்சினேன், முடியாது என்றார்கள், கோபத்தில் சொல்லிக்கொள்ளாமல்கூடப் பஸ் ஏறிவிட்டேன். நீ அங்கே தவிப்பாயே என்று உனக்குச் சொல்லவில்லை.

நேற்று என்னையும் அப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சி முடிந்து யாருக்கு எது என்ற பட்டியலைத் திறந்துவிட்டார்களாம். அம்மா, உங்க பையன் சாப்பிட்டது மருந்தில்லாத மாத்திரைங்க என்றார் டாக்டர். எனக்கு மூஞ்சியில் அடித்தாற்போல் இருந்தது, அப்பாதான் சிரித்தார், அப்போ திரும்பப் போறதுக்கு ஒண்ணுமே இல்லையேடி, எல்லாம் அவனோடது என்றார். அடடா, அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது, ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன். இந்த ஆறு மாதத்தில் வீட்டில் வேறென்ன புதுசு என்று டாக்டர் கேட்டார். யோசித்தால் ஒன்றுதான், தினம் ஏழு மணிக்கு நீ போன் செய்து மாத்திரை போட்டாச்சா, என்ன சாப்பிட்டே என்று கேட்டதும், நான் வாயைத் திறக்கக் கூடாது, அவனே பதில் சொல்லணும் என்று எனக்கு உத்தரவு போட்டதும். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க, ஆனா அதை நிறுத்தாதீங்க என்றார்.

குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. பெரிய பெருமாள் உங்கள் இருவரையும் காப்பார். ஒன்றை மறக்காதே. மாத்திரை முடிந்ததோடு உன் தினப் போனும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகிவிட்டது. அவன் இன்னும் தினம் ஏழு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு போன் பக்கத்தில் உட்காருகிறான். கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரங்கம்மா